டென்னிசா, பேடலா? ஒரகடத்தில் ஒரு ஷிப்டு கணக்கு!

சாயங்கால நேரம். ஒரகடம் கூட்டுரோடு.

ஏ ஷிப்டு முடிந்த கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து திரும்புகின்றன. ஒன்று தாம்பரம் பக்கம் போகிறது. ஒன்று காஞ்சீபுரம் பக்கம். ஒன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம். உள்ளே பாதிப் பேர் தூக்கம். மீதிப் பேர் கையில் செல்போன்.

“ஏம்ப்பா, ஞாயித்துக்கிழமை என்ன பண்றே?”

“தூங்குவேன்.”

“அப்புறம்?”

“மறுபடியும் தூங்குவேன்.”

“தொப்பையைப் பாருடா! வா, டென்னிஸ் ஆடலாம்.”

“டென்னிஸா? அது பெரிய மனுசங்க ஆட்டமாச்சே! இப்ப பேடல்னு ஒண்ணு வந்திருக்காமே, கண்ணாடிக் கூண்டுக்குள்ளே ஆடறாங்களாமே, அது சுலபமாமே?”

உங்கள் பஸ்சிலும் இந்தப் பேச்சு வரலாம். வந்தால் என்ன பதில் சொல்வது? வாரத்துக்கு ஒரே ஒரு ஓய்வு நாள். கையில் கொஞ்சம் காசு. எட்டு மணி நேரம் நின்று களைத்த உடம்பு. இந்த மூன்றையும் எந்த ஆட்டத்தில் போடுவது?

சும்மா விஷயமில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம்!

கூண்டுக்குள் ஒரு ஆட்டம்

முதலில் பேடல் என்றால் என்ன என்று பார்ப்போம்.

டென்னிசுக்கும் ஸ்குவாஷுக்கும் கல்யாணம் செய்து வைத்தால் பிறக்கிற பிள்ளை என்று வைத்துக் கொள்ளுங்கள். நடுவே வலை உண்டு. பந்தும் பார்வைக்கு டென்னிஸ் பந்து மாதிரியே இருக்கும். காற்றழுத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு. 15, 30, 40 என்று புள்ளி எண்ணுவதும் டென்னிஸ் கணக்கேதான்.

மட்டைதான் வேறு. அதில் நரம்பு கிடையாது. கெட்டியான மட்டை. முகத்தில் சல்லடை போல ஓட்டைகள். கைப்பிடியில் ஒரு கயிறு தொங்கும். அதை மணிக்கட்டில் மாட்டிக் கொண்டுதான் ஆட வேண்டும் என்பது விதி. சின்ன இடத்தில் நாலு பேர். மட்டை கை நழுவிப் பறந்தால் யார் மண்டையில் விழும் என்று யார் சொல்ல முடியும்?

ஆடுகளத்தின் நீளம் 20 மீட்டர், அகலம் 10 மீட்டர். இரண்டு முனையிலும் 3 மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடிச் சுவர். அதற்கு மேலே 1 மீட்டருக்குக் கம்பி வலை. பந்து தரையில் ஒரு முறை குத்திய பிறகு கண்ணாடியில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் தொடரும். டென்னிசில் “போச்சுடா” என்று கைவிடுகிற பந்து, இங்கே சுவரில் மோதி உங்களிடமே திரும்பி வரும்!

முதல் பந்து போடுவதும் சுலபம். டென்னிசில் தலைக்கு மேல் தூக்கிப் போட்டு ஓங்கி அடிக்க வேண்டும். அதைப் பழகவே மாதக் கணக்கு ஆகும். பேடலில் பந்தைத் தரையில் ஒரு தட்டு தட்டி, இடுப்பு உயரத்துக்கு மேலே போகாமல் அடித்தால் போதும். அதனால்தான் முதல் நாளே நாலு பேரும் சிரித்துக் கொண்டே ஆட முடிகிறது.

இடம் பத்தாமல் பிறந்தது!

இந்த ஆட்டம் பிறந்த கதை சுவையானது.

1969-ம் ஆண்டு. மெக்சிகோ நாட்டில் அகாபுல்கோ என்ற கடற்கரை ஊர். என்ரிக்கே கோர்க்குவேரா என்ற செல்வந்தர் தன் வீட்டில் டென்னிஸ் மாதிரி ஒரு ஆட்டம் ஆட ஆசைப்பட்டார். முழு மைதானத்துக்கு இடம் போதவில்லை. சின்னதாகக் களம் போட்டு, சுற்றிச் சுவர் எழுப்பினார். சுவரையும் ஆட்டத்தில் சேர்த்துக் கொண்டார். பிறந்தது பேடல்!

1974-ல் அவருடைய நண்பர் ஒருவர் அதை ஸ்பெயின் நாட்டுக்குக் கொண்டு போனார். பிறகு அர்ஜென்டினாவுக்கும் பரவியது. 1991-ல் சர்வதேச சம்மேளனம் தொடங்கியது. 1992-ல் முதல் உலகப் போட்டி ஸ்பெயினில் நடந்தது. இன்று அந்த நாட்டில் டென்னிஸ் ஆடுகிறவர்களைவிடப் பேடல் ஆடுகிறவர்கள்தான் அதிகம்.

சென்னைக்கும் வந்து விட்டது. 2025-ல் கிரிக்கெட் வீரர் தோனியே சென்னையில் ஒரு பேடல் மையத்தைத் திறந்து வைத்தார். தோனி மட்டை பிடித்தால் நம்மாளு சும்மா இருப்பானா? பேச்சு ஒரகடம் பஸ் வரைக்கும் வந்து விட்டது!

டென்னிஸ் நமக்கு அன்னியமா?

“டென்னிஸ் பெரிய மனுசங்க ஆட்டம்” என்று சொல்கிறோமே, அதில் பாதி உண்மை. மீதிப் பாதியையும் கேளுங்கள்.

விம்பிள்டன் புல்தரையில் இந்தியாவின் பெயரைச் சொல்ல வைத்தவர்களில் நம் தமிழர்கள் முன்னணியில் நிற்கிறார்கள். ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரை இறுதி வரை போனார். 60-ல் அவரை வென்றவர் நீல் பிரேசர். 61-ல் வென்றவர் ராட் லேவர். இரண்டு பேருமே அந்தந்த ஆண்டு பட்டத்தைத் தட்டிக் கொண்டு போனவர்கள். அப்பா வென்ற அதே ஜூனியர் பட்டத்தை 1979-ல் மகன் ரமேஷ் கிருஷ்ணனும் வென்றார். விஜய் அமிர்தராஜ் 1973-லும் 1981-லும் விம்பிள்டன் கால் இறுதியில் ஆடினார்.

நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியத்தில் 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் உலக வீரர்கள் வந்து ஆடினார்கள். 2022-ல் பெண்களுக்கான சர்வதேசப் போட்டியும் அங்கே நடந்தது.

ஆக, டென்னிசுக்கு நம்மிடம் சரித்திரம் இருக்கிறது. பயிற்சி கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் பள்ளிக்கூடப் போட்டி, மாவட்டப் போட்டி என்று ஏணிப்படியும் இருக்கிறது. ஒலிம்பிக்கிலும் டென்னிஸ் உண்டு. 1996-ல் அட்லாண்டாவில் லியாண்டர் பயஸ் வெண்கலம் வாங்கியது நினைவிருக்கும். பேடல் இன்னும் ஒலிம்பிக் வாசலைத் தாண்டவில்லை.

கிரவுண்டு கணக்கு

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் யாரைக் கேட்டாலும் மனை விலையைக் கிரவுண்டில்தான் சொல்வார்கள். ஒரு கிரவுண்டு என்றால் 2,400 சதுர அடி.

ஒரு டென்னிஸ் மைதானம், சுற்றி ஓட வேண்டிய இடத்தையும் சேர்த்தால், 120 அடி நீளம், 60 அடி அகலம். பெருக்கிப் பாருங்கள். 7,200 சதுர அடி. அதாவது சரியாக 3 கிரவுண்டு!

ஒரு பேடல் களம் 20 மீட்டருக்கு 10 மீட்டர். சதுர அடிக்கு மாற்றினால் சுமார் 2,150. ஒரு கிரவுண்டுக்குள் அடக்கம்!

அதாவது, 3 கிரவுண்டில் டென்னிஸ் என்றால் ஒரே நேரத்தில் 2 பேர், மிஞ்சினால் 4 பேர். மனையின் நீள அகலம் ஒத்து வந்தால் அதே 3 கிரவுண்டில் 3 பேடல் களம். 12 பேர்!

ஊரெல்லாம் பேடல் களம் முளைப்பதற்கு இந்தப் பெருக்கல் கணக்கும் ஒரு முக்கிய காரணம். மனைக்காரருக்கு ஒரு மணி நேரத்துக்கு நாலு பேர் வாடகைக்குப் பதில் பன்னிரண்டு பேர் வாடகை. “பேடல்தான் சார் இப்ப எல்லாரும் ஆடறாங்க” என்று யாராவது அழுத்திச் சொன்னால், அவர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறாரா, மனையைப் பற்றிச் சொல்கிறாரா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

கம்பெனி நலக் கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. “பழைய டென்னிஸ் மைதானத்தில் மூணு பேடல் போட்டுடலாம்” என்று யாராவது சொன்னால் அளவு நாடாவை எடுங்கள். பேடல் களத்தின் நீளம் 65½ அடி. மைதானத்தின் அகலம் 60 அடி. குறுக்கே நிற்காது! நீளவாக்கில் வைத்தால் ஒன்றுதான் அடங்கும். பரப்பளவு கூடி வந்தாலும் நீள அகலம் கூடி வர வேண்டாமா? மேலே கூரை போடுவதானால் களத்துக்கு மேல் 20 அடி உயரமாவது காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உயரப் போகிற பந்து கூரையில் இடிக்கும்.

கண்ணாடி நம்ம ஊர் சரக்கு!

இன்னொரு வேடிக்கை. பேடலுக்கு உயிர் கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கு நம் ஸ்ரீபெரும்புதூர் பேர் போன ஊர். செயிண்ட் கோபேன் கம்பெனியின் பெரிய கண்ணாடித் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. உருகிய கண்ணாடியை, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்க விட்டுத் தகடாக்குகிற தொழில் அது.

ஆனால் சாதா ஜன்னல் கண்ணாடியைப் பேடலுக்கு வைக்க முடியாது. கண்ணாடியை நன்றாகச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்க வேண்டும். அதற்கு ‘டஃபன்டு கிளாஸ்’ என்று பெயர். அப்படிப்பட்ட கண்ணாடி உடைந்தாலும் கத்தி போலக் கிழிக்காது. உப்புக்கல் மாதிரி சிறு துண்டுகளாகக் கொட்டும். எங்காவது களம் வாடகைக்கு எடுக்கும்போது, “இது டஃபன்டு கிளாஸா சார்?” என்று ஒரு கேள்வி கேட்டு விடுங்கள். தப்பே இல்லை.

ஷிப்டு கணக்கு

இனிதான் முக்கியமான சங்கதி.

டென்னிசுக்கு இரண்டு பேர் போதும். பேடல் நாலு பேர் ஆட்டம். மூன்று பேர் வந்து ஒருத்தர் வராவிட்டால்? ஆட்டம் கெட்டது!

ஒரகடத்தில், ஸ்ரீபெரும்புதூரில், இருங்காட்டுக்கோட்டையில் வேலை செய்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். இந்த வாரம் ஏ ஷிப்டு. அடுத்த வாரம் பி. அதற்கடுத்த வாரம் சி. அண்ணன் ஒரு கம்பெனி, தம்பி வேறு கம்பெனி என்றால், ஒருத்தர் வீட்டுக்கு வரும்போது மற்றவர் டிபன் பாக்சோடு கிளம்புகிறார். ஒரே அறையில் தங்கியிருந்தும் முகம் பார்க்க முடியாத நண்பர்கள் எத்தனை பேர்!

ஆனால் ஒரே லைனில், ஒரே குரூப்பில் வேலை செய்கிறவர்கள் சேர்ந்தே சுற்றுகிறார்கள். அவர்களுக்கு ஷிப்டும் ஒன்று, ஓய்வு நாளும் ஒன்று. அந்த நாலு பேருக்குப் பேடல் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தும். நேற்று வரை லைனில் நின்று ஒரு வார்த்தை பேச நேரமில்லாதவர்கள் ஒரு மணி நேரம் கத்திக் கூச்சல் போட்டு ஆடலாம்.

நண்பர்கள் வேறு வேறு கம்பெனியா? அப்படியானால் டென்னிஸ்தான் வசதி. ஒருத்தர் கிடைத்தால் ஆட்டம். அந்த ஒருத்தரும் கிடைக்காவிட்டால் ஒரு சுவர் போதும். சுவரில் அடித்து அடித்தே தனியாகப் பழகலாம்.

காசுக் கணக்கு

பர்சைத் திறப்போம்.

வாடகை இடத்துக்கு இடம் மாறும். ஒரு உதாரணத்துக்குப் பேடல் களம் மணிக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். நாலு பேர் பங்கு போட்டால் தலைக்கு 250. டென்னிஸ் மைதானம் மணிக்கு 500 என்றால், இரண்டு பேருக்குத் தலைக்கு அதே 250. ஆக, போர்டில் எழுதியிருக்கிற வாடகையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். தலைக்கு என்ன என்று வகுத்துப் பாருங்கள். போக வர ஆகும் பெட்ரோலையும் அதோடு கூட்டுங்கள்.

மட்டையை முதல் நாளே வாங்காதீர்கள். இரண்டு மாதம் வாடகை மட்டையிலோ, நண்பரின் மட்டையிலோ ஆடுங்கள். மூன்றாவது மாதமும் காலையில் தானாக விழிப்பு வந்தால் அப்போது வாங்குங்கள். வாங்குவதற்கு முன் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்கட்டும். டென்னிஸ் மட்டையில் நரம்பு அறுந்தால் புது நரம்பு கட்டலாம். பேடல் மட்டை உள்ளே விரிசல் விட்டால் பெரும்பாலும் புதுசுதான்.

எதற்குச் செலவு செய்யாவிட்டாலும் ஷூவுக்குச் செய்யுங்கள். இரண்டு ஆட்டத்திலும் பக்கவாட்டில் ஓட்டம் அதிகம். நேராக ஓடுவதற்கென்று செய்த ஷூ அங்கே காலை வாரி விடும்.

உடம்புக் கணக்கு

கணுக்கால் பிசகினால் ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் நொண்டிக் கொண்டாவது போய் விடுவார். லைனில் நிற்கிறவர்? காண்டிராக்ட் தொழிலாளி? வேலைக்குப் போகாத நாள் கூலி இல்லாத நாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒரு மாத வாடகைப் பணத்தைக் கொண்டு போய் விடக் கூடாது.

டென்னிசில் ஓட்டம் அதிகம். தலைக்கு மேல் அடிப்பதால் தோள்பட்டைக்கு வேலை அதிகம். பேடலில் ஓடும் தூரம் குறைவு. ஆனால் குனிவது, சட்டென்று திரும்புவது அதிகம். முதுகு, முழங்கால், கணுக்கால் ஜாக்கிரதை. “சுலபமான ஆட்டம்தானே” என்று உடம்பைச் சூடுபடுத்தாமல் இறங்கினால் மறுநாள் படி ஏற முடியாது!

முழங்கையின் வெளிப்பக்கம் வருகிற ஒரு வலிக்கு ‘டென்னிஸ் எல்போ’ என்று டாக்டர்கள் பேர் வைத்திருக்கிறார்கள். பேர்தான் டென்னிஸ். மட்டையையே தொடாதவர்களுக்கும் வரும். நாள் முழுக்க ஸ்குரு முடுக்குகிறவர்கள், எதையாவது இறுக்கிப் பிடித்து முறுக்குகிறவர்களுக்கு அதே இடத்தில் அதே வலி. பேடலும் அதற்கு விலக்கல்ல. லைனில் ஏற்கனவே முழங்கை வலிக்கிறது என்றால் எந்த மட்டையையும் தொடாதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

சி ஷிப்டு முடித்து நேரே மைதானத்துக்குப் போகாதீர்கள். தூங்காத கண் பந்தைப் பார்க்காது. சித்திரை, வைகாசி வெயிலில் பகல் ஆட்டம் வேண்டவே வேண்டாம். கண்ணாடிக் கூண்டுக்குள் காற்று வீசுவதும் குறைவு. காலை 6 மணி அல்லது விளக்கு போட்ட பிறகு ஆடுங்கள். கையில் தண்ணீர் பாட்டில் அவசியம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருக்கிறவர்களும், நாற்பது வயதைத் தாண்டி முதல் முறையாக மட்டை பிடிக்கிறவர்களும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு விட்டு இறங்குங்கள்.

ஸ்வீடன் சொல்லும் பாடம்

கையில் காசுள்ள ஒருவர், “நானே ஒரு கிரவுண்டு வாங்கிப் பேடல் களம் போடட்டுமா?” என்று கேட்கலாம். அவர் ஸ்வீடன் கதையைக் கேட்க வேண்டும்.

கொரோனா காலத்தில் ஸ்வீடனில் பேடல் பைத்தியம் பிடித்தது. தெருவுக்குத் தெரு களம் கட்டினார்கள். ஆட வந்தவர்களைவிடக் களங்கள் அதிகமாகி விட்டன. 2022, 2023-ல் பல மையங்கள் திவாலாகி மூடப்பட்டன. ஆட்டத்தின் மேல் குற்றமில்லை. கணக்குத்தான் தப்பு.

புதுசு எல்லாம் பழசாகும். பழசான பிறகும் ஆடுவீர்களா என்பதே கேள்வி.

நம் பூப்பந்தை மறக்கலாமா?

“ஐயா, இரண்டுமே எட்டாத விலை” என்கிறீர்களா? மட்டையும் வலையும்தான் வேண்டும் என்றால் நம் தஞ்சாவூரில் பிறந்த பூப்பந்து இருக்கிறது. மஞ்சள் நிறக் கம்பளிப் பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர். மண் தரையே போதும். சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு கம்பம் நட்டால் ஆட்டம் ஆரம்பம். மெக்சிகோவில் பிறந்ததை ஆடும்போது நம் ஊரில் பிறந்ததையும் ஓரக் கண்ணால் பார்ப்பது நல்லது.

அந்த ஒரு மணி நேரம்

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக ஒரு பெரிய விடுதி திறக்கப்பட்டது. 18 ஆயிரத்து 720 பேர் தங்கும் அளவுக்குக் கட்டியது. ஒரு சிறிய நகரமே என்று சொல்லலாம்! சொந்த ஊரையும் பெற்றோரையும் விட்டு வேலைக்கு வந்திருக்கும் பெண்களுக்கு வேலையும் படுக்கையும் மட்டும் போதுமா? கை கால் நீட்டி, வாய் விட்டுச் சிரிக்க ஒரு இடம் வேண்டாமா? தொழிலாளர் விடுதி எங்கே கட்டினாலும் வரைபடம் போடும்போதே விளையாட்டுக்கு என்று ஒரு கிரவுண்டு ஒதுக்கினால் நாலு நாலு பேராக எத்தனையோ பேர் ஆடலாம். அப்படிப்பட்ட இடத்துக்கு டென்னிசைவிடப் பேடல் பொருத்தம். பேடலையும்விடப் பூப்பந்து சிக்கனம்.

1923 மே 1-ந் தேதி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் தினம் கொண்டாடினார். உலகெங்கும் அந்த நாளின் அடிப்படைக் கோரிக்கை எட்டு மணி நேர வேலை. சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023-ல், தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. பலத்த எதிர்ப்பு கிளம்பியது. மே தினத்தன்றே அது வாபஸ் ஆனது. அப்படிக் காப்பாற்றிய நேரத்தை எல்லாம் செல்போனுக்கே கொடுத்து விடலாமா?

முடிவாக...

ஒரே லைன், ஒரே ஷிப்டு, நாலு பேர் ரெடி, முதல் நாளே ஆட்டம் சூடு பிடிக்க வேண்டுமா? பேடலுக்குப் போங்கள்.

நண்பர்கள் நாலு திசையிலா? தனியாகவும் பழக வேண்டுமா? பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்க ஆசையா? பொறுமையும் இருக்கிறதா? டென்னிஸ்தான்.

பக்கத்தில் இரண்டுமே இல்லையா? இரண்டு மணி நேரம் பஸ்சில் போய் ஒரு மணி நேரம் ஆடுகிற ஆட்டம் மூன்று வாரம்கூட நிலைக்காது. வீட்டுப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதுவே உங்கள் ஆட்டம். அது பூப்பந்தாக இருந்தாலும் சரி!

ஆறு மாதம் கழித்தும் நீங்கள் ஆடிக் கொண்டிருந்தால் அதுதான் சரியான ஆட்டம். முதல் வாரம் போட்டோ பிடித்து விட்டு, இரண்டாம் வாரம் மட்டையைப் பரணில் போட்டால் இரண்டுமே தண்டம்தான்.

சரி, நாளைக்குப் பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிக் கொண்டிருந்தால் தட்டி எழுப்புங்கள்.

“ஏம்ப்பா, ஞாயித்துக்கிழமை என்ன பண்றே?”